பட்டப்பின் படிப்பு மாணவரை ஊர் கௌரவிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது ஊருக்கு ஊர் கௌரவிப்பு நிகழ்வு நடக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம் என்று யாராவது போன் எடுத்து, "இப்படி ஒரு பிள்ளை மேற்படிப்பு முடிச்சிருக்கு, ஊருக்கும் நல்ல வேலை செய்யுது, என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். பதில்களில் பாதி நடைமுறை, மீதி என் அபிப்பிராயம். உங்கள் ஊருக்கு ஒத்துவராததை விட்டுவிடுங்கள்.

1. பட்டம் எடுத்த எல்லாரையும் கௌரவிக்க வேணுமா? எங்க நிப்பாட்டுறது?

முன்பு பேராதனைக்கோ கொழும்புக்கோ போய்த்தான் படிக்க வேண்டியிருந்தது. ஊரில் ஒருவர் பட்டதாரி ஆனாலே பெரிய செய்தி. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முழுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இப்போது ஒரே ஒழுங்கைக்குள் நாலு பட்டதாரிகள் இருப்பார்கள். முதல் பட்டம் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எல்லாரையும் சேர்த்துப் பாராட்டினால் போதும்.

தனியாக ஒரு நிகழ்வு வைப்பதென்றால், பட்டப்பின் படிப்பிலும் ஏதாவது சாதித்து ஊருக்கும் தொடர்ந்து உழைத்தவருக்கு வையுங்கள். படிப்புக்கு மட்டும் என்றால் பல்கலைக்கழகமே மேடையில் ஏற்றிப் பட்டம் கொடுத்துவிட்டது. அதையே நாம் இன்னொரு தடவை செய்யத் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் ஊர் கூடுகிறது.

2. முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி எல்லாம் ஒண்டா? அறிவிப்பாளர் மாத்தி மாத்திச் சொல்றார்.

ஒன்றில்லை. இலங்கையின் உயர்கல்வித் தகைமைகள் 12 படிகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் படி, பட்டப்பின் டிப்ளோமா 8, பாடநெறி மட்டும் படித்து எடுக்கும் முதுமாணி (மாஸ்டர்ஸ்) 9, பாடநெறியோடு ஆய்வும் செய்யும் முதுமாணி 10, முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி (பிஎச்.டி.) 12. ஒரு வருட டிப்ளோமா முடித்தவரைக் கலாநிதி போலப் புகழ்ந்தால் விஷயம் தெரிந்தவர்கள் சபையில் இருந்து சிரிப்பார்கள். கூச்சம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் பட்டத்தின் முழுப்பெயர், துறை, பல்கலைக்கழகம், ஆண்டு நாலையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். வீட்டாரிடம் கேட்டு அச்சடிக்க வேண்டாம். அம்மாமாருக்கு மகன் முதல் வருடத்திலேயே டொக்டர்தான்!

3. ஆய்வு இன்னும் முடியல்ல. இப்பவே பெயருக்கு முன்னால "கலாநிதி" போடலாமா?

போடக்கூடாது. ஆய்வேடு கையளித்து, பரீட்சகர்கள் வாசித்து, வாய்மொழிப் பரீட்சை நடந்து, திருத்தங்கள் முடிந்து, பல்கலைக்கழகம் பட்டத்தை அங்கீகரித்த பிறகுதான் அந்த உரிமை வருகிறது. அதுவரை "கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர்" என்று போடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

படித்துக்கொண்டிருப்பவரைக் கௌரவிக்கலாமா என்றால், தாராளமாக. ஆய்வரங்கில் கட்டுரை வாசித்திருக்கலாம், புலமைப்பரிசில் கிடைத்திருக்கலாம், துறையில் முதலாவதாக வந்திருக்கலாம். உண்மையில் நடுவழியில் கிடைக்கும் பாராட்டுக்குத்தான் பெறுமதி கூட. ஆய்வுக்காரருக்கு "விட்டுவிட்டு ஒரு வேலைக்குப் போய்விடலாமா" என்று தோன்றுகிற காலம் அதுதான்.

4. சமூக சேவை எண்டு எதைக் கணக்கில எடுக்கிறது? என்.ஜி.ஓ.வில சம்பளத்துக்குச் செய்ததும் சேவைதானா?

நான் முதலில் பார்ப்பது, கமரா இல்லாத நாளிலும் அது நடந்ததா என்று. வெள்ளத்துக்கு ஒரு நாள் உலர் உணவுப் பொதி கொடுத்து முப்பது படம் போட்டவரும் உதவிதான் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் காசில்லாமல் கணிதம் சொல்லிக்கொடுத்து, தன் பரீட்சை நாட்களிலும் அதை விடாமல் வைத்திருந்தவர் வேறு வகை. அறநெறிப் பாடசாலை, குர்ஆன் மத்ரஸா, இரத்ததான முகாம், டெங்கு சிரமதானம், வாசிகசாலையைத் திறந்து பூட்டுவது, பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாத வயதானவர்களுக்கு நிரப்பிக்கொடுப்பது எல்லாம் இதில் வரும். கடைசியாகச் சொன்னதை ஒருவரும் சேவையாக நினைப்பதில்லை. ஆனால் விதவைக் கொடுப்பனவு, காணி அனுமதிப்பத்திரம் என்று அலையும் ஒரு குடும்பத்துக்கு அதுதான் பெரிய உதவி.

சம்பளத்துக்குச் செய்தது வேலை. அதை வேலை அனுபவமாகவே சொல்லலாம். நிறுவனத்தின் திட்டம் முடிந்து சம்பளம் நின்ற பிறகும் அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்தப் பகுதியைச் சேவையாக எடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்களையும் போன நிறுவனங்களையும் பார்த்த நம் ஊர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

5. உண்மையாத்தான் செய்தாரா எண்டு எப்படிப் பார்க்கிறது? விசாரிச்சா மனம் நோகாதா?

அவரிடம் விசாரிக்க வேண்டாம், பயன்பெற்றவர்களிடம் கேளுங்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் தாய்மார், அதிபர், கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் அல்லது கோயில் நிருவாகத்தில் ஒருவர், இவர்களுடன் பேசினாலே படம் தெளிந்துவிடும். இப்படிக் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மேடையில் சொல்லத்தக்க விஷயங்கள் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

நிவாரணக் காசு, சங்கக் கணக்கு என்று ஏதாவது கதை ஊரில் அடிபட்டால், அழைப்பிதழுக்கு முன்பே பொருளாளரிடம் கேட்டுத் தெளிவாக்குங்கள். கதை பொய்யென்றால் அவர் பெயரும் அதோடு துலங்கும். தெளிவாகும்வரை நிகழ்வைத் தள்ளிவையுங்கள். மேடை போட்ட பிறகு கேள்வி வந்தால் இரு பக்கமும் அவமானம்.

6. அவர்ட ஆய்வு என்னெண்டே எங்களுக்கு விளங்கல்ல. மேடையில எப்படிச் சொல்றது?

நிகழ்வில் அதிகம் கவனிக்க வேண்டியதும், எல்லாரும் கோட்டை விடுவதும் இதுதான். அறிவிப்பாளர் ஆய்வேட்டின் தலைப்பை மூச்சுப் பிடித்து வாசிப்பார், சபை கைதட்டும், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. மூன்று வருடம் உழைத்த விஷயம் பத்து வினாடியில் போய்விடும்.

உதாரணத்துக்கு, "கரையோர மணற்படுக்கை நிலத்தடி நீரின் உவர்த்தன்மை மாற்றங்கள்" என்று ஒரு தலைப்பு என்று வைப்போம். அதை இப்படிச் சொல்லலாம்: "நம் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மணல் தரை. கிணற்றில் நாம் குடிக்கிற நல்ல தண்ணீர், கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தவர் இவர்." சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்து இறைத்து அலுத்துப்போன ஆட்கள் சபையில் இருந்தால், இந்த இடத்தில் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள்.

இதை எழுத வழி லேசு. மாணவரிடம் "உங்கட அம்மம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுதியதை அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். விளங்கப்படுத்துகிறோம் என்று பிழையாகச் சொல்லிவிடக்கூடாது. இலக்கியம், சமூகவியல் ஆய்வுக்கும் இதே வழிதான். அங்கே இன்னும் சுலபம், கூத்துக்காரரையோ மீன்பிடிக் குடும்பங்களையோ பற்றிய ஆய்வென்றால் தகவல் சொன்னவர்களே முன்வரிசையில் இருப்பார்கள்.

7. வாழ்த்து மடல் யார் எழுதுறது? கவிதையாத்தான் இருக்க வேணுமா?

ஊரில் மரபுக்கவி எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் விருத்தமோ வெண்பாவோ நல்ல அழகுதான். ஆனால் "கல்விக் கடலே, கருணை மலையே" என்று போனால் அந்த மடலில் யாருடைய பெயரையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான் சொல்வது, பாட்டு ஒன்று இருந்தால் அதன் கீழ் உரைநடையில் நாலு வரி கட்டாயம் வையுங்கள். இந்த மாதிரி:

"உயர்தரம் படிக்கும் காலத்திலேயே ஊர் வாசிகசாலையின் சாவியைப் பொறுப்பெடுத்தீர்கள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அதைத் திறந்தீர்கள். இன்று முதுமாணிப் பட்டம் பெற்று வந்திருக்கிறீர்கள். அங்கே வாசித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் இந்த மடலைத் தருகிறோம்."

இவ்வளவுதான். வயதில் சின்னவரானாலும் மடலில் "நீங்கள்" என்றே எழுதுங்கள். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட முன் பெயரின் முதலெழுத்துகளைச் சரிபாருங்கள். பிழையான முதலெழுத்தோடு சுவரில் தொங்கும் மடலை எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது.

8. பொன்னாடை, மாலை, ஞாபகச் சின்னம்... எதை வாங்கிறது? காசாக் குடுக்கலாமா?

பொன்னாடை ஊர் சார்பில் ஒன்று. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாகப் போர்த்த வந்தால் ஒரு மணித்தியாலம் அதற்கே போகும். படம் எடுக்கத்தானே என்று கேட்டால் கோபிப்பார்கள். ஞாபகச் சின்னத்தில் கண்ணாடிக் கேடயத்தைவிட, பனையோலை அல்லது மர வேலைப்பாடு செய்யும் ஊர்க்காரரிடம் வாங்கினால் காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

பணமுடிப்பு கொடுப்பதில் பிழையே இல்லை, அதுவும் இன்னும் படிப்பவராக இருந்தால். கள ஆய்வுக்குப் போக்குவரத்து, ஆய்வேடு அச்சிட்டுக் கட்டுவது, பரீட்சைக் கட்டணம் எல்லாம் கைக்காசுதான். ஆனால் தொகையை ஒலிபெருக்கியில் சொல்லவேண்டாம். கடித உறையில் போட்டு வீட்டில் கொடுங்கள், கணக்கை மட்டும் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

9. பேச்சாளர் எல்லாரும் "இன்னொரு விபுலாநந்தர்" எண்டு சொல்றாங்க. சரிதானே?

ஆசையாகச் சொல்கிறார்கள், ஆனால் வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், விஞ்ஞானமும் தமிழும் கற்று, துறவியாகி விபுலாநந்தர் என்று பெயர் பெற்று, கிழக்கில் பாடசாலைகளை வளர்த்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். முப்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமையை ஏன் தூக்கி வைக்கவேண்டும்? படிப்பையும் ஊர் வேலையையும் விபுலாநந்தர் பிரித்துப் பார்க்கவில்லை என்று சொல்ல வந்தால் அதைச் சொல்லுங்கள், பொருத்தம்தான். பிறகு மேடையில் இருப்பவரின் சொந்தக் கதைக்கு வந்துவிடுங்கள்.

10. பிரதம அதிதியா அரசியல்வாதியைக் கூப்பிடலாமா? மண்டபச் செலவைத் தாறன் எண்டு சொல்றார்.

அவர் வந்தால் நிகழ்வு அவருடையது. பிந்தி வருவார், முந்திப் போவார், நடுவில் வாக்குறுதி கொடுப்பார், மறுநாள் முகநூலில் பொன்னாடை போர்த்துபவர் பெரிதாகவும் போர்த்தப்படுபவர் முதுகாகவும் தெரிவார். தேர்தல் கிட்டிய காலம் என்றால் பேச்சே வேண்டாம். மண்டபச் செலவுதான் பிரச்சினை என்றால் பாடசாலை மண்டபத்தில், தேநீரும் வடையும் போதும்.

என் ஆலோசனை: கௌரவிக்கப்படுபவருக்கு முதலாம் ஆண்டில் எழுத்தறிவித்த ஆசிரியர் பிரதம அதிதி. ஆய்வு மேற்பார்வையாளர் வர முடிந்தால் சிறப்பு அதிதி. அதோடு நிறுத்துங்கள். கௌரவ அதிதி, விசேட அதிதி, ஆன்மீக அதிதி என்று அழைப்பிதழின் இரண்டு பக்கமும் பெயராக நிரம்பி, கௌரவிக்கப்படுபவரின் பெயரைத் தேடவேண்டியதாகிப் போகிறது.

11. கோயிலில வைக்கலாமா? சடங்குக்கு எல்லாச் சனமும் வரும்தானே.

சனம் வரும், சிக்கலும் வரும். நம் பக்கக் கோயில்களில் யாருக்கு முதல் மரியாதை என்பது குடி (தாய்வழி வம்சப் பிரிவு) வழமைப்படி, கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மார் முன்னிலையில் நடக்கிற விஷயம். அதற்குள் புதிதாக ஒரு மரியாதையைச் செருகினால், பிள்ளை எந்தக் குடி என்ற கேள்வி முதலில் எழும். படிப்புக்குக் கிடைத்த கௌரவம் அந்தத் தகராறில் காணாமல் போய்விடும். நிருவாகமே மனமுவந்து கேட்டால், சடங்கு முடிந்த வேறொரு நாளில் அன்னதான மண்டபத்தில் வையுங்கள்.

12. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து செய்யிற நிகழ்வு. எதை எப்படி வைக்கிறது?

கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர் பக்கம் இது அடிக்கடி வரும், அழகாகவும் நடக்கும். மங்கல விளக்கும் கிராஅத்தும் (குர்ஆன் ஓதுதல்) இரண்டும் இருக்கட்டும், யார் எதில் பங்கெடுப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன் முடித்தால் எல்லாருக்கும் வசதி, பேச்சுகளும் தானாகவே சுருங்கும். சாப்பாடு ஹலாலாக ஒன்றும், மரக்கறியாக ஒன்றும்.

கௌரவிக்கப்படுபவர் பெண் என்றால், எந்தச் சமூகமானாலும் பொன்னாடையைப் பெண்ணொருவரே போர்த்தட்டும். சிலர் கையில் வாங்கிக்கொள்ளவே விரும்புவார்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள், மேடையில் கைகள் தடுமாறக்கூடாது.

13. பொடியன் கலியாணம் முடிச்சு மனைவிட ஊருக்குப் போயிட்டான். எங்கட ஊர் செய்யிறதா, அவங்கட ஊர் செய்யிறதா?

சீதன வீடு பெண்பிள்ளைக்கு என்ற நம் வழமையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சேவை எங்கே நடந்ததோ அந்த ஊர் செய்யட்டும். இரண்டு ஊரிலும் செய்திருந்தால் ஒரே நிகழ்வாகச் சேர்ந்து செய்யுங்கள். பிறந்த ஊருக்குத் தாய் தகப்பனைப் பாராட்டும் உரிமை எப்போதும் உண்டு. மாமனார் வீட்டையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு அவர் படிக்கச் சோறு போட்டது அந்த வீடுதான்.

14. எந்த மாதம் நல்லது?

கார்த்திகை, மார்கழி வேண்டாம், மழையும் வெள்ளமும். பெரும்போக அறுவடை முடியும்வரை வயல் ஊர்களில் ஆட்கள் வரமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. நோன்பு மாதத்தையும் பரீட்சைக் காலத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதில் ஒரு சனியோ ஞாயிறோ பாருங்கள்.

15. ஒரு அமைப்பு "பட்டம் தாறம், பதிவுக் கட்டணம் கட்டுங்க" எண்டு கடிதம் அனுப்பியிருக்கு. எங்கட பிள்ளைக்கு எடுத்துக் குடுக்கலாமா?

கட்டணம் கேட்டாலே அது விருது இல்லை, வியாபாரம். தேசமான்ய, தேசபந்து, வித்யாஜோதி போன்ற தேசிய விருதுகள் 1986இல் இருந்து ஜனாதிபதியால் வழங்கப்படுபவை. அவற்றின் ஓசையில் பெயர் வைத்துக்கொண்டு பட்டங்கள் வழங்கும் அமைப்புகள் நிறைய முளைத்திருக்கின்றன. ஆறேழு வருடம் கஷ்டப்பட்டுக் கலாநிதி எடுத்தவருக்குப் பக்கத்தில், காசு கட்டி "கௌரவ கலாநிதி" வாங்கியவரும் அதே எழுத்தளவில் பெயர் போட்டு நிற்பார். அந்தக் கட்டணத்தை 8ஆம் கேள்வியில் சொன்ன உறைக்குள் போடுங்கள்.

16. பட்டமே இல்லாம இருபது வருசமா ஊருக்கு உழைச்ச ஆள் இருக்கார். பட்டக்காரப் பிள்ளைக்கு மட்டும் விழா எடுத்தா அவர் என்ன நினைப்பார்?

நல்ல கேள்வி, சங்கக் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து கேட்காத கேள்வி. அதே மேடையில் அவரை இரண்டாம் ஆளாக ஏற்றிச் சமாளிக்க வேண்டாம், அது ஆறுதல் பரிசு போல ஆகிவிடும். அவருக்கு வேறு நாளில், அதே அளவில் தனியாகச் செய்யுங்கள், முடிந்தால் அவருக்கு முதலில். பல இடங்களில் அந்த மாணவருக்குச் சேவையைப் பழக்கியவரே அவராகத்தான் இருப்பார். அப்படியானால் பொன்னாடையை அவர் கையால் போர்த்தச் சொல்லுங்கள்.

17. பிள்ளை "எனக்கு ஒண்டும் வேணாம்" எண்டு சொல்லுது. வற்புறுத்தலாமா?

ஒரு முறை கேட்கலாம். வெட்கத்துக்குச் சொல்கிறாரா, உண்மையிலேயே விருப்பமில்லையா என்று நெருங்கிய நண்பருக்குத் தெரியும். உண்மையாகவே வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக உயர்தரப் பிள்ளைகளுடன் ஒரு பின்னேரம் உட்கார்ந்து, மேற்படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது, செலவுக்கு என்ன வழி, ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தார் என்று பேசச் சொன்னால் அநேகமாகச் சம்மதிப்பார்கள். கதிரை நாற்பது, தேநீர், வேறொன்றும் வேண்டாம். சொன்னால் குறை நினைக்காதீர்கள், நான் பார்த்த விழாக்களைவிட இப்படியான பின்னேரங்களில்தான் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

18. அவர் உதவி செய்த குடும்பங்களை மேடைக்கு ஏத்தலாமா? படங்களைத் திரையில போடலாமா?

தானாக வந்து இரண்டு வார்த்தை பேச விரும்புபவர் பேசட்டும். மற்றபடி ஏற்ற வேண்டாம். "இவர்களுக்குத்தான் கொப்பி வாங்கிக்கொடுத்தார்" என்று காட்டப்படும் பிள்ளை மறுநாள் வகுப்புக்குப் போகவேண்டும். படங்களுக்கும் இதே கணக்கு: வகுப்பு நடக்கும் பொதுப் படம் சரி, உதவி வாங்கும் கையும் முகமும் வேண்டாம். 5ஆம் கேள்வியில் சொன்னபடி தாய்மாரிடம் கேட்டு வைத்திருந்தால், பெயர் சொல்லாமலே அந்தக் கதைகளைச் சொல்லலாம்.

19. விழா முடிஞ்சுது. அப்புறம்?

பதாகையை மறுநாளே கழற்றுங்கள். கணக்கறிக்கையை அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். மாணவர் சம்மதித்தால் ஆய்வேட்டின் ஒரு பிரதியை ஊர் வாசிகசாலையிலோ பாடசாலை நூலகத்திலோ வையுங்கள், 6ஆம் கேள்விக்காக எழுதிய எளிய விளக்கத்தை முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சிறப்பு மலர் போட்டிருந்தால், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பலாம். 2005இலிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

இன்னொன்று, அந்தப் பிள்ளை நடத்திய வகுப்பு. மேற்படிப்போ வேலையோ அவரை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறது. செவ்வாயும் வியாழனும் யார் அந்த மண்டபத்தைத் திறப்பது, யார் கணிதம் எடுப்பது என்று, அவர் ஊரில் இருக்கும்போதே இரண்டு பேரைக் கேட்டு வையுங்கள்.